வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர் கேட்டவை. மீதி, அந்த நேரத்தில் வகுப்புக்குள் இருந்திருக்க வேண்டிய பையன்கள் கேட்டவை. நான் இந்த விளையாட்டில் பல வருடம் ஹீலராக, அதாவது கூட ஆடுகிறவர்களின் காயத்தை ஆற்றுகிறவனாக, இருந்தவன். அதனால் பதில்களில் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

இது என்ன விளையாட்டு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அஸெரோத் என்று ஒரு கற்பனை உலகம். அதில் உங்களுக்கென்று ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, வேட்டைக்காரன், பூசாரி, இப்படி. அதே நேரத்தில் அதே உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டிலிருந்து நடமாடுகிறார்கள். கொடுத்த வேலைகளை முடித்து, அரக்கர்களை அடித்து, 'லெவல்' ஏற வேண்டும். அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 2004 நவம்பர் 23-ல் வெளியிட்டது. ஐரோப்பாவுக்கு 2005 பிப்ரவரியில் வந்தது. நாம் சேர்ந்துகொண்டது ஐரோப்பா சர்வர்களில். ஆடுகிறவர்கள் 'வாவ்' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆன்லைனில் கூட்டமாக ஆடுவது இதில்தான் தொடங்கியதா?

இல்லை. 1978-லேயே இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்ல் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்ற ஒன்றை எழுதினார்கள். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. "வடக்கே போ" என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று வரிகளில் பதில் வரும். அப்புறம் 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்குவெஸ்ட். வாவ் செய்ததில் பெரும்பகுதிக்கு எவர்குவெஸ்ட்தான் தாய்வீடு. பிளிசார்டில் இருந்தவர்களே அதில் ஊறியவர்கள்.

கதைக்களம் மட்டும் சொந்தச் சரக்கு. 1994-ல் வந்த வார்கிராஃப்ட், 1995-ல் இரண்டாம் பாகம், 2002-ல் மூன்றாம் பாகம். மூன்றுமே படை நடத்தும் விளையாட்டுகள். படையை மேலிருந்து நடத்திய அதே உலகத்தில் தரையில் இறங்கி நடக்க விட்டார்கள்.

அப்படியானால் இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிதானது?

தண்டனையைக் குறைத்தார்கள். என் கணக்கில் முதல் காரணம் அதுதான்.

எவர்குவெஸ்ட்டில் செத்தால் சம்பாதித்த அனுபவப் புள்ளிகள் குறையும். உங்கள் கவசமும் வாளும் செத்த இடத்திலேயே பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு அதே அரக்கர் கூட்டத்துக்குள் திரும்பிப் போய் எடுத்து வர வேண்டும். வாவில் செத்தால் ஆவியாக ஓடிப் போய் உடம்பில் சேர்ந்துகொள்ளலாம். கவசம் கொஞ்சம் தேயும், பழுது பார்க்க நாலு காசு ஆகும். அவ்வளவுதான்.

இன்னொரு கதை விளையாட்டு வடிவமைப்பு படிப்பவர்களிடம் பிரபலம். வாவ் சோதனைக் கட்டத்தில் இருந்தபோது, ஒருவர் நீண்ட நேரம் ஆடினால் கிடைக்கும் புள்ளிகள் பாதியாகிவிடும்படி வைத்திருந்தார்கள். போதும், எழுந்து போ என்பதற்காக. ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். பிளிசார்டு எண்களைத் தொடவில்லை. முதலில் கிடைப்பதை "ஓய்வெடுத்ததற்கு 200 சதவீதம்" என்றும், பிறகு கிடைப்பதை "வழக்கமான 100 சதவீதம்" என்றும் பெயர் மாற்றினார்கள். அதே கணக்கு. இப்போது எல்லோருக்கும் மகிழ்ச்சி! இன்று கைபேசியில் இருக்கும் எல்லா விளையாட்டுகளும் உங்களை வெளியே விடாமல் வைத்திருக்கும் உத்தியை யோசித்தால், இந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் தலைக்கு மேலே மஞ்சள் ஆச்சரியக்குறி. யாரிடம் போய் வேலை கேட்க வேண்டும் என்பது தூரத்திலிருந்தே தெரியும். தனியாள் கூட ஆடலாம். வட அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 2,40,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. 2010 அக்டோபரில் மாதக் கட்டணம் செலுத்துகிறவர்கள் 1 கோடியே 20 லட்சம்.

'கேப்' காலத்தில் ஆடினோம் என்று அண்ணன்மார் பெருமை பேசுகிறார்களே, அது என்ன?

பெருமை இல்லை தம்பி, புலம்பல்.

நம் தொலைபேசி நிறுவனம் டெல்கொம் 2002-ல் ஏடிஎஸ்எல் என்ற வேக இணையத்தைக் கொண்டுவந்தபோது மாதத்துக்கு 3 ஜிகாபைட் வரம்பு, அதுதான் 'கேப்'. மாதத்துக்கு! வாவ் ஆடுவதற்கு அவ்வளவு டேட்டா தேவைப்படாது, சர்வரும் கணினியும் பரிமாறுவது சின்னச் சின்னத் தகவல்தான். கொன்றது பேட்ச். சில மாதத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான மெகாபைட் புதுப்பிப்பு வரும், இறக்காமல் உள்ளே நுழைய முடியாது. அதிலும் ஒரு கொடுமை: பிளிசார்டின் இறக்கும் செயலி டாரன்ட் முறையில் வேலை செய்தது. நீங்கள் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, இறக்கிய பகுதியை உலகத்தில் வேறு யாருக்கோ ஏற்றிக்கொண்டும் இருக்கும். ஏற்றுவதும் உங்கள் 3 ஜிகாபைட்டில்தான் கழியும். விவரம் தெரியாத வீட்டில் பேட்ச் வந்த அன்றே மாதக் கணக்கு காலி. அப்பா மறுநாள் மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்தால் இணையம் இல்லை. அந்த வீட்டில் அன்று நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். உள்நாட்டுத் தளங்களுக்கு மட்டும் போகும் மலிவான கணக்கு ஒன்று, வெளிநாட்டுக்குப் போகும் விலையுயர்ந்த கணக்கு ஒன்று. பேட்சை உள்நாட்டுத் தளத்திலிருந்து மலிவுக் கணக்கில் இறக்கிவிட்டு, விளையாட மட்டும் மற்றதற்கு மாறுவது. அதுவும் முடியாதவர்களுக்கு ஒருத்தர் டிவிடியில் எரித்துக் கொடுப்பார். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து டோங்காட் வரைக்கும் கையோடு கை மாறிய டிவிடிகள் உண்டு. ஜோஹானஸ்பர்க்கில் வருடா வருடம் நடந்த ரேஜ் கண்காட்சிக்குச் சொந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு லேன் விளையாட (ஒரே இடத்தில் கணினிகளை இணைத்து ஆட) போனவர்கள், திரும்பும்போது ஹார்டு டிஸ்க் நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள்.

பணம் கட்டுவதும் சுலபமில்லை. பள்ளிக்கூடப் பையனிடம் கிரெடிட் கார்டு ஏது? கடையில் 60 நாள் ப்ரீபெய்டு அட்டை வாங்கி, பின்னால் இருக்கும் எண்ணைச் சுரண்டி எடுத்துப் போட வேண்டும். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று தாத்தா கேட்டால் அந்த அட்டையைக் கேட்ட பேரன்களை எனக்குத் தெரியும்.

சர்வர் ஐரோப்பாவில் என்றால் லேக் (தாமதம்) இருக்குமே?

இருந்தது, இருக்கிறது, இருக்கும். இயற்பியலை என்ன செய்ய முடியும்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து ஐரோப்பா சர்வருக்குக் கேபிள் வழி 15,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். போய்வர 30,000. எந்த நெரிசலும் இல்லாவிட்டாலும் 150 மில்லிசெகண்டு போய்விட்டது.

ஆரம்பத்தில் ஐரோப்பாவுக்கு நமக்கு இருந்த முக்கிய வழி மேற்குக் கரையோரமாகப் போகும் சாட்-3 கேபிள். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து இணையத்தைத் திறந்தால் பிங், அதாவது தகவல் போய்வர ஆகும் நேரம், 300, 400 மில்லிசெகண்டு என்று ஏறும். விளையாட்டுத் திரையின் அடியில் ஒரு சின்னக் காட்டி உண்டு. 300 வரை பச்சை, 600 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பச்சை என்பது அதிகாலையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தரிசனம். 2009 ஜூலையில் சீகாம் கேபிள் திறந்தது. அது கரையேறும் இடம் நம் க்வாஸூலு-நடாலிலேயே, டர்பனுக்கு வடக்கே முட்டுன்ஸினி. கிழக்குக் கரையோரம் ஏறிச் செங்கடல் வழியாக ஐரோப்பா. அடுத்த வருடம் ஈஸி கேபிளும் அங்கேயே வந்தது. விலை இறங்கியது, 2010-ல் வரம்பில்லாத ஏடிஎஸ்எல் திட்டங்களும் வந்தன.

ஆனால் லேக் இருந்தும் ஆட முடிந்ததற்குக் காரணம் விளையாட்டின் அமைப்பு. துப்பாக்கி விளையாட்டு மாதிரி குறி பார்த்துச் சுட வேண்டியதில்லை. எதிரியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக 1.5 நொடி கட்டாய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நம் 300 மில்லிசெகண்டு ஒளிந்துகொள்ளும். குவார்ட்ஸ் என்று ஒரு ஆட்-ஆன் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) இருந்தது. மந்திரம் ஓதும் பட்டையின் கடைசியில் உங்கள் லேக் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்குச் சிவப்புப் பூசிக் காட்டும். ஐரோப்பாக்காரன் திரையில் அது ஒரு கோடு. என் திரையில் அது ஒரு பட்டை. சிவப்பு தொடங்கும்போதே அடுத்த மந்திரத்தை அழுத்திவிட வேண்டும். அந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் ஹீலராகப் பிழைத்துக்கொள்ளலாம். எதிரி ஓதுவதைப் பாதியில் தடுக்கும் வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்ட மாட்டார்கள்.

ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால் "ரெய்டு" என்கிறான். ஐந்து நிமிடம் எழுந்து வர முடியாதா?

முடியாது அக்கா. பையனுக்காக வக்காலத்து வாங்கவில்லை, விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

ரெய்டு என்பது பெரிய அரக்கனைக் கூட்டமாக எதிர்ப்பது. 2005-ல் அதற்கு 40 பேர் வேண்டும். 2007-ல் வந்த பர்னிங் க்ரூசேடுக்குப் பிறகு 25 அல்லது 10. அடி வாங்கிக்கொள்ள டேங்க், அவரைச் சாகாமல் காக்க ஹீலர்கள், மற்றவர்கள் அடிக்க. ஒரு டேங்க் எழுந்து போனால் மற்ற எல்லோரும் சாவார்கள். ரெய்டு நேரத்தைக் கில்டு என்ற குழு வாரக்கணக்கில் முன்பே குறித்து வைக்கும். யார் தவறாமல் வருகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி, புள்ளி சேர்த்தவர்களுக்கு அரக்கன் விட்டுப்போகும் வாளோ கவசமோ முதலில். இந்தப் புள்ளிக் கணக்கு எவர்குவெஸ்ட் கில்டுகளில் ஆடுகிறவர்களே கண்டுபிடித்தது.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். சர்வர் மணி ஐரோப்பிய மணி. அங்கே கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும், எட்டு மணி ரெய்டு நமக்கு ஒன்பது ஆகிவிடும், முடிய நள்ளிரவு. நமக்கு ஆண்டு இறுதிப் பரீட்சை நடப்பதும் அந்த மாதங்களில்தான். புரட்டாசிச் சனிக்கிழமையில் வீட்டில் விளக்கேற்றிப் படையல் போடும் நேரமும் ரெய்டு நேரமும் மோதிக்கொண்டால், கில்டு தலைவருக்கு "குடும்ப விழா" என்று ஒரு வரி எழுதினால் போதும். நார்வேக்காரரும் போலந்துக்காரரும் மறுக்க மாட்டார்கள். அட்டவணை முன்கூட்டியே வரும். அதை வாங்கிச் சமையலறையில் ஒட்டுங்கள், சாப்பாட்டை ஏழு மணிக்குப் போடுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) நேரத்தில்?

மின்வெட்டு நேரத்தைச் சொல்லும் எஸ்கொம்-செ-புஷ் செயலியைப் பார்க்காமல் யாரும் ரெய்டுக்குப் பெயர் கொடுத்ததில்லை. 2022, 2023-ல் இன்வர்ட்டர் இல்லாத டேங்கைக் கில்டில் சேர்க்கவே யோசித்தார்கள். ரூட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ், ஆட மடிக்கணினி. இது ஏழைகளின் ஏற்பாடு. பகுதியின் கைபேசிக் கோபுரத்து மின்கலமும் தீர்ந்துபோனால் அதுவும் கைகொடுக்காது.

விளையாட்டுக்குள் கொள்ளைநோய் பரவியது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 2005 செப்டம்பர்.

ஸுல்குரூப் என்ற புதிய இடத்தில் ஹக்கார் என்ற ரத்த தெய்வம். எதிர்த்து நிற்பவர்கள் மேல் 'கெட்ட ரத்தம்' என்ற சாபத்தை ஏவும். சில நொடிகளுக்கு ஒருமுறை உயிர் குறையும், பக்கத்தில் நிற்பவருக்கும் தொற்றும். அந்த இடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது திட்டம். ஆனால் வேட்டைக்காரர்களின் வளர்ப்பு மிருகங்களுக்கும் அது தொற்றியது. சாபத்தோடு மிருகத்தை மறைத்துவைத்து, நகரத்துக்கு வந்து மறுபடி அழைத்தால், சாபமும் கூடவே வந்தது. கடைக்காரர்கள், காவலர்கள் போன்ற கணினிப் பாத்திரங்களுக்கும் தொற்றும், ஆனால் அவர்கள் சாகமாட்டார்கள், பரப்பிக்கொண்டே நிற்பார்கள். லெவல் குறைந்தவர்கள் நகரத்துக்குள் நுழைந்த நொடியே விழுந்தார்கள். வீதி முழுக்க எலும்புக்கூடு.

அதில் மனிதர்கள் நடந்துகொண்ட விதம்தான் சுவாரசியம். ஹீலர்கள் சிலர் கூலி வாங்காமல் நடுத்தெருவில் நின்று வைத்தியம் பார்த்தார்கள். சிலர் ஊரை விட்டுக் காட்டுக்கு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே கூட்டமான இடத்துக்குப் போய்ப் பரப்பினார்கள். வேடிக்கை பார்க்க ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பிளிசார்டு தனிமைப்படுத்தச் சொன்னது, யாரும் கேட்கவில்லை. கடைசியில் விளையாட்டின் விதியையே மாற்றித்தான் நிறுத்தினார்கள்.

எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் தி லான்செட்டின் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கணித மாதிரிகள் நோயைக் கணக்கிடும், வேடிக்கை பார்க்க ஓடிவருகிறவனைக் கணக்கிடாது என்பது அவர்கள் கவனித்ததில் முக்கியமான ஒன்று. 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் பேசினார்கள். அந்த மார்ச்சில் நம் தெருவில் நடந்ததைப் பார்த்த வாவ்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

கோடிப் பேர் ஆடியது ஏன் குறைந்தது?

பிளிசார்டு கடைசியாக வெளியிட்ட எண், 2015-ன் மூன்றாம் காலாண்டில் 55 லட்சம். அதற்குப் பிறகு சந்தாதாரர் கணக்கைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கைபேசி வந்தது, இலவச விளையாட்டுகள் வந்தன, ஆடியவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வந்தன. இதெல்லாம் சரி.

நான் சொல்லும் காரணம் வேறு. ஆரம்பத்தில் ஐந்து பேர் சேர்ந்து போகும் குகைக்குப் போக வேண்டுமென்றால், நகரத்தில் நின்று ஆள் தேடிக் கூவ வேண்டும், பேச வேண்டும், எல்லோரும் நடந்து போய்ச் சேர வேண்டும். சில நேரம் ஒரு மணி நேரம் போகும். எரிச்சல்தான். ஆனால் அந்த நடையில்தான் பேச்சு. கிடைத்த வாளைப் பறித்துக்கொண்டு ஓடினவன் பெயர் சர்வர் முழுக்க நாறும், அடுத்த முறை யாரும் சேர்க்க மாட்டார்கள். 2009 டிசம்பரில் தானாக ஆள் சேர்க்கும் வசதி வந்தது. பொத்தானை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்துக் குகை வாசலிலேயே இறக்கிவிடும். முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். வணக்கம் கூடச் சொல்லத் தேவையில்லை, மறுபடி பார்க்கப் போவதில்லை.

தண்டனையைக் குறைத்து வளர்ந்த விளையாட்டு, குறைக்கக் கூடாத இடத்திலும் குறைத்துக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்க வேண்டிய தொந்தரவுதான் அதன் முதுகெலும்பு.

பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்களாமே?

ஆமாம், அதுவும் ஆடுகிறவர்கள் விடாப்பிடியாகக் கேட்டதால். 2013-ல் பிளிசார்டின் விழாவில் ஒருவர் பழைய சர்வர் வருமா என்று மேடையிலிருந்த ஜே. ஆலன் பிராக்கிடம் கேட்டார். வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. பிரான்சிலிருந்து சிலர் நோஸ்டால்ரியஸ் என்ற பெயரில் அனுமதியில்லாமல் பழைய சர்வர் நடத்தினார்கள், பிளிசார்டு மிரட்டியதால் 2016 ஏப்ரலில் மூடினார்கள். திறக்கச் சொல்லி இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. 2017-ல் அதே பிராக் மேடையேறி, கிளாசிக் என்ற பெயரில் பழைய வடிவத்தை அறிவித்தார்! 2019 ஆகஸ்டில் திறந்தபோது உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை.

முகம் தெரியாதவர்களோடு பேசுவதெல்லாம் ஒரு நட்பா?

நார்வேயில் மேட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி வாவில் இபெலின் என்ற பெயரில் வருடக்கணக்கில் வாழ்ந்தவர். 2014-ல், 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும், ஸ்டார்லைட் என்ற அவருடைய கில்டிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-ல் அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. எங்கள் கில்டு அவ்வளவு பெரிய கதை இல்லை. ஆனால் என் அம்மா தவறியபோது கருமாதிச் செலவுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டது ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரு டேங்க்.

விளையாட்டுத் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கலாமா?

வெளியே விற்பது விதிப்படி தப்பு, கணக்கை முடக்கிவிடுவார்கள். சீனாவில் இதற்கென்றே ஆட்களை ஷிஃப்ட் போட்டு ஆட வைத்த கூடங்கள் இருந்தன. 2015-ல் பிளிசார்டே டோக்கன் என்று ஒன்றை விட்டது. ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தங்கத்துக்கு விற்பார். மற்றவர் தங்கம் கொடுத்து வாங்கி 30 நாள் ஆடுவார். ராண்டில் சம்பாதித்து யூரோவில் கட்டும் நமக்கு இது வரப்பிரசாதம். மாதம் 12.99 யூரோ, 2005-ல் சுமார் 100 ராண்ட். அதே 12.99 இப்போது 260 ராண்ட் பக்கம். பிளிசார்டு விலையை ஏற்றவில்லை, நம் ராண்ட் இறங்கியது.

அடிமையாகிவிடுவானா?

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதை 2022 முதல் நடைமுறையில் இருக்கும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது மட்டும் அதற்குள் வராது. தூக்கம், குளியல், நண்பர்கள் எல்லாம் போய்விட்டதென்றால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் அல்ல.

மற்ற விளையாட்டுகள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டன?

தினசரி வேலைகள், சாதனைப் பட்டியல், நிறத்தால் பொருளின் அருமையைக் காட்டுவது (ஊதா என்றால் உசத்தி), இவற்றில் சிலவற்றை வாவ் உருவாக்கியது, மற்றதை வாவ் பரப்பியது. இன்று பேருந்தில் பிள்ளைகள் கைபேசியில் ஆடும் எதைத் திறந்தாலும் இவை இருக்கும். டோட்டா என்ற இன்னொரு பிரபல விளையாட்டு பிறந்தது வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தில் ரசிகர்கள் செய்த வரைபடத்திலிருந்து. வாவிலிருந்து அல்ல, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2016-ல் திரைப்படமும் வந்தது. பார்த்தேன்.

நிறுவனத்தின் மேல் வழக்கு என்று படித்தேன்.

2021 ஜூலையில் கலிஃபோர்னியா மாநில அமைப்பு ஒன்று, பெண் ஊழியர்கள் மீதான பாகுபாடு, தொல்லை குறித்து ஆக்டிவிஷன் பிளிசார்டு மேல் வழக்குப் போட்டது. 2023-ல் சமரசமாக முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மொத்த நிறுவனத்தையும் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

இப்போது தொடங்கலாமா மாமா?

லெவல் 20 வரை இலவசம், அதனால் முதலில் காசு கட்டாதே. கணக்குத் தொடங்கும்போது ஐரோப்பா பகுதியா என்று பார்த்துக்கொள், அமெரிக்கா சர்வரில் பிங் இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவில் வாவ் சர்வர் கிடையாது. ஒரே சந்தாவில் புதியதும் கிளாசிக்கும் ஆடலாம். ஆள் பழக வேண்டுமென்றால் கிளாசிக்கில் தொடங்கு. புதன்கிழமை காலையில் பராமரிப்புக்காகச் சர்வரை மூடுவார்கள், அந்த நேரம் பார்த்து "ரூட்டர் கெட்டுவிட்டது" என்று வீட்டில் ரகளை செய்யாதே. கில்டில் சேரும்போது இன்வர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டால், உண்மையைச் சொல். ஹீலராக வந்தால் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள், ஹீலருக்கு எப்போதும் பஞ்சம்.